கரையும் கலிங்கும்

(கிராமக் கூட்டுறவுச் சங்க அங்கத்தினர்களுக்கு நிகழ்த்திய பிரசங்கம்)



இன்று தங்கள் முன் வைக்கப்படும் விஷயம் வட்டி, வாய்தா, பங்குத்தொகை முதலியவற்றைச் சேர்ந்ததன்று. மண்ணால் போட்ட கரையைப் பற்றியது. அதிலும் சர்க்கார் பராமரிப்பிலுள்ள பெரிய ஏரிகளை விட்டுவிட்டு, ஒரு குடும்பத்தாரோ, ஒரு தோட்டக்காரரோ, அல்லது சில பட்டாதாரர்கள் கூடியோ, சொந்த நிலத்தில் ஓடைக்குக் குறுக்கே மண்ணை அணைத்துத் தங்கள் பாசனத்துக்கு ஜலம் தேக்கிவைக்கும் சிறு கரைகளை மாத்திரம் இங்கே எடுத்துக்கொள்ளுவது உத்தேசம்.

இது சங்கக் கூட்டத்தில் பேசத்தக்க விஷயந்தானா என்று சிலர் கேட்கக்கூடும். இத்தகைய கரைக்குச் சொந்தக்காரர் பெரும்பாலும் ஏதேனும் ஒரு சங்கத்தில் அங்கத்தினராயிருப்பார். கரைக்குக் கீழே ஓடையோரத்தில் குடிசை போட்டிருப்பவரும் அதே சங்கத்தில் அங்கத்தினராயிருப்பார். கரை நின்றால் பயன் முன்னவருக்கு. கரை போனால் நஷ்டம் பின்னவருக்கு. இவ்விருவர் பெயரும் அடுத்தடுத்து எழுதப்பட்டிருக்கும் புத்தகம் ஊரில் ஒன்றே ஒன்றுண்டு. அது சங்கத்தின் பேரேடு. ஆகையால் இதைப் பேசுவதற்குச் சங்கத்தைவிடத் தகுந்த இடம் வேறில்லை.

முதலில் தூரதேசத்து விருத்தாந்தம் ஒன்றைக் கேட்பது நலம். பசிபிக் மகாசமுத்திரத்தில் அமெரிக்க நாட்டைச் சேர்ந்த ஹவாய்த் தீவுகளில் கவாய் என்பது ஒரு தீவு. அங்கே கலோகோ என்னுமிடத்தில் 1890-ம் வருஷத்தில் கரும்புப் பாசனத்துக்காக ஒரு மண் அணை போடப்பட்டது. அக்காலத்தில் கரும்புக் கம்பெனிக்கு அது உயிர்நாடி. கரையைச் சுற்றிவரவும், எலி வளையை அடைக்கவும், கலிங்கில் வளர்ந்த செடியை வெட்டவும் ஆட்கள் இருந்தனர். 1971-ல் கரும்புத் தொழில் அவ்விடத்தில் நின்றுபோயிற்று. நிலம் கைமாறிற்று, அணை நின்றது, அதைப் பார்ப்பதற்கென்று இருந்த ஆட்கள் போய்விட்டனர். ஓடையின் கீழ்ப்புறத்தில் புதிதாக வீடுகள் எழும்பின.

2006-ம் வருஷம் பிப்ரவரி, மார்ச்சு மாதங்களில் அத்தீவில் நாற்பது நாட்களுக்கு மேல் மழை விடாது பெய்தது. மார்ச்சு 14-ந் தேதி விடியற்காலத்தில், ஜனங்கள் படுக்கையிலிருக்கும்போதே, கலோகோ அணை உடைந்தது. சுமார் 40 கோடி காலன், அதாவது ஏறக்குறைய 150 கோடி லிட்டர் ஜலம் ஓடையில் இறங்கிற்று. வழியிலிருந்த மரங்களையும் வீடுகளையும் வாரிக்கொண்டு, பெருஞ்சாலையைக் கடந்து கடலில் விழுந்தது. ஏழு பேர் மாண்டனர். அவர்களில் ஒருத்தி கர்ப்பிணி.

பின்னர் நடந்த விசாரணையில் வெளிவந்தவற்றில் கவனிக்கத்தக்கது ஒன்று. பழைய படங்களில் அவ்வணைக்குக் கலிங்கு இருந்தது. உடைந்தபிறகு தேடியபோது அது காணப்படவில்லை. கலிங்கு இருந்த இடம் மண்ணால் மூடப்பட்டுச் சமதரையாகியிருந்தது என்றும், மிஞ்சிய ஜலத்துக்குப் போக்கிடமின்றிக் கரையின்மேல் வழிந்திருக்கவேண்டும் என்றும் விசாரணை செய்தவர் முடிவு கூறினார். அணைகளைப் பார்வையிடவேண்டிய ராஜாங்கத்தார் அதை ஒருமுறையேனும் முறைப்படி பரிசோதித்ததில்லை. கீழே ஜனங்கள் குடியிருந்தும், அது அபாயம் குறைந்த அணை என்றே அவர்கள் ஜாபிதாவில் எழுதப்பட்டிருந்தது. அனுமதியின்றி அங்கே மண் தள்ளும் வேலை நடந்தது ஸ்தல அதிகாரிகளின் கவனத்துக்கு முன்பே வந்தும், நடவடிக்கை கடைசிவரையில் தொடரப்படவில்லை. 2007-ல் அந்த ராஜ்யத்தார் அணைகளுக்கு ஒரு புதுச் சட்டம் செய்தனர். வழக்கு பல வருஷங்கள் இழுத்து, 2014-ல் சொந்தக்காரருக்கு 7 மாதச் சிறைவாசம் விதிக்கப்பட்டது. இறந்த ஏழு பேரில் எவருக்கும் அந்த அணையில் ஒரு துளி பாத்தியமும் இல்லை.

இனி நமது பக்கத்துக் கரைகளைக் கவனிக்கலாம். ஹவாய்த் தீவு எங்கே, நமது ஓடை எங்கே என்று நினைப்பது தவறு. கரை மண்ணாயிருக்கும்வரையில் நியாயம் ஒன்றே. மண்கரையை ஜலம் தள்ளிச் சாய்த்துவிடுவதென்பது மிகவும் அபூர்வம். உலகத்தில் 1986 வரையில் கெட்டுப்போன பெரிய மண் அணைகளை எண்ணிப் பார்த்தவர்கள், ஏறக்குறையப் பாதி மேலே வழிந்து போனவை என்றும், ஏறக்குறைய மற்றப் பாதி உள்ளே அரித்துப் போனவை என்றும், சரிவு சறுக்கி விழுந்தவை நூற்றுக்கு நாலைந்தே என்றும் கண்டனர். எனவே கரையின் பருமனைப் பார்த்துத் திருப்தியடைவதில் பயனில்லை. ஜலம் மேலே வழியாதிருக்க வகையுண்டா, உள்ளே மண்ணைக் கொண்டுபோகாதிருக்க வகையுண்டா என்பவையே கேட்கவேண்டிய கேள்விகள்.

மேலே வழிவதை முதலில் எடுத்துக்கொள்ளலாம். கரைத்தலையின்மேல் நாலு விரற்கடை ஜலம் வழிந்தாலும் அது வெளிச்சரிவில் வேகங்கொண்டு இறங்கி, முதலில் கரையின் அடிவாரத்தைப் பறிக்கும். அடியில் பறித்த பள்ளம் படிப்படியாகப் பின்னோக்கி மேலே ஏறும். அது கரைத்தலையை எட்டும்வரையில் மேலே நிற்பவனுக்குக் கரை முழுதாகவே தோன்றும். எட்டியவுடன் உடைப்பெடுக்கும். அப்புறம் மண்வெட்டியால் ஆவது ஒன்றுமில்லை. இதைத் தடுக்கும்பொருட்டே முன்னோர் கரைத்தலைக்குச் சில அடி கீழே, கெட்டியான தரையில், கல்லால் கட்டிய கலிங்கை வைத்தனர். தென்ஜில்லாக்களில் மறுகால் என்பதும் இதுவே.

கலிங்கைப் பற்றி விவசாயிகளிடத்தில் பொதுவாக உள்ள ஓர் எண்ணத்தைக் கணக்கிட்டுப் பார்க்கவேண்டும். மழை முடியும் சமயத்தில் கலிங்கின்மேல் மண்மூட்டையோ பலகையோ வைத்து ஓரடி உயர்த்தினால் ஓரடி ஜலம் அதிகமாக நிற்கும். கரைத்தலைக்கு இன்னும் இரண்டடி இருக்கிறதே, அதனால் என்ன கெட்டுப்போகும் என்பது அவ்வெண்ணம்.

ஒரு கரையை உதாரணமாக வைத்துக்கொள்ளுங்கள். நீர்ப்பரப்பு 10 ஏக்கர். ஜலம் வந்துசேரும் மேட்டுநிலம் அரைச் சதுர மைல், அதாவது 320 ஏக்கர். கலிங்கின் நீளம் 20 அடி. கலிங்கின் தலைக்கும் கரையின் தலைக்கும் உள்ள இடைவெளி 3 அடி. புயல் மழையில் நாலு மணி நேரத்தில் 6 அங்குலம் பெய்து, அதில் பாதி தரையில் ஊறிப்போக, பாதி ஓடிவருகிறதென்று கொண்டால், கரைக்கு வரும் வெள்ளம் சராசரி வினாடிக்கு 242 கன அடி ஆகும்.

கலிங்கின்மேல் ஜலம் ஓரடி உயரம் ஓடினால், கலிங்கின் ஒவ்வோர் அடி நீளத்துக்கும் வினாடிக்கு ஏறக்குறைய 3 கன அடி வெளியேறும். இரண்டடி உயரம் ஓடினால் 6 கன அடி என்று தோன்றும். உண்மையில் எட்டரை கன அடி போகும். மூன்றடி ஓடினால் பதினைந்தரைக்கு மேல். உயரம் கூடக்கூட வேகமும் கூடுவதே காரணம். ஆகவே மேற்சொன்ன 20 அடிக் கலிங்கு, மூன்றடி இடைவெளியும் திறந்திருந்தால், வினாடிக்கு 310 கன அடிவரையில் வெளியேற்ற வல்லது. வரும் 242 கன அடி இரண்டரை அடி உயரத்தில் ஓடிப் போய்விடும். கரைத்தலைக்கு அரையடி மிச்சம் நிற்கும். அந்த அரையடியும் அலையடிப்புக்கே சரியாய்ப்போகும். நல்ல கரையென்று சொல்லப்படுவதற்கே இவ்வளவுதான் இடமுண்டு.

இப்போது அதன்மேல் ஓரடி மண்மூட்டை. எஞ்சிய இடைவெளி இரண்டடி. கலிங்கு கரைத்தலை மட்டம்வரையில் ஓடினாலும் வெளியேற்றுவது 170 கன அடியே. வந்துகொண்டிருப்பதோ 242. மிச்சம் 72 கன அடி எங்கே போகும்? பத்து ஏக்கர் பரப்பில் அது மணிக்கு 7 அங்குலம் ஏறும். கரையின்மேல் ஏறி வழியும். மூட்டை அடைத்தவர் எடுத்துக்கொண்டது ஓரடி உயரந்தான். ஆனால் கலிங்கின் சக்தியில் ஏறக்குறையப் பாதியை எடுத்துக்கொண்டார். முதலிலேயே இடைவெளி இரண்டடிதான் உள்ள கரையில் ஓரடி அடைத்தாலோ, மூன்றில் இரண்டு பங்கு போய்விடும்.

அந்த ஓரடியால் கிடைப்பது என்னவென்பதையும் நியாயமாகச் சொல்லவேண்டும். பத்து ஏக்கர் பரப்பில் ஓரடி ஜலம் சுமார் இரண்டு ஏக்கர் நெல்லுக்குப் போதுமானது. கோடைமழை பொய்க்கும் வருஷத்தில் இரண்டு ஏக்கர் நெல் என்பது ஒரு குடும்பத்தின் சாப்பாடு. மூட்டை வைப்பவரை மூடர் என்று சொல்லிவிட்டுப் போவது சுலபம். அவர் வயிற்றுக்காகச் செய்கிறார். ஆனால் இக்கரையில் சராசரி ஆறடி ஜலம் நிற்கிறதென்று கொண்டால், உடையும்போது கீழே இறங்குவது ஏறக்குறைய 74,000 டன். அது அரைமணியில் வடிந்தாலும் வினாடிக்கு 1,450 கன அடி. புயல் வெள்ளத்தைப்போல ஆறு மடங்கு. ஓடையோரத்துக் குடிசைகள் மழைவெள்ளத்துக்குத் தாங்கக்கூடும், இதற்குத் தாங்கா.

முன்னோரும் கலிங்கை அடைத்து ஜலத்தை நிறுத்தாமலில்லை. பழைய கலிங்குகளின்மேல் வரிசையாக நட்டிருக்கும் கற்களைத் தாங்கள் பார்த்திருக்கலாம். பெருமழை தீர்ந்தபின் அக்கற்களின் இடையே மண்ணும் புல்லும் வைத்து அடைப்பது வழக்கம். அது வெள்ளம் வந்தால் கலைத்துவிடக்கூடிய அடைப்பு; அதைக் கலைப்பதற்கென்று நீர்க்கட்டியோ மடையரோ ஊரில் பொறுப்பாயிருந்தார். தற்காலத்தில் தனியார் கரைகளில் காணப்படும் சிமிட்டித் திண்ணையையும் கம்பிவலையையும் கலைப்பார் யார்? மீன் போகாமலிருக்கக் கலிங்கில் கட்டும் வலை, வெள்ளத்தில் மிதந்துவரும் சருகையும் சுள்ளியையும் பிடித்து, ஒரே நாழிகையில் சுவராகிவிடும். இதைவிடச் சாதாரணமாய்க் காணும் குற்றம் ஒன்றுண்டு. கோடையில் வண்டலை வெட்டி ஆழப்படுத்துகிறார்கள்; வெட்டிய மண்ணைக் கொட்ட இடம் தேடி, கலிங்குக்குக் கீழேயுள்ள போக்குக்காலில் கொட்டிவிடுகிறார்கள். கலோகோவில் நேர்ந்ததும் ஏறக்குறைய இந்த ஜாதியைச் சேர்ந்த காரியமே.

இனி உள்ளே அரிப்பது. மண்கரை எல்லாம் கசியும். கசியாத மண்கரை கிடையாது. கசிவு எவ்வளவு, அது மண்ணைக் கொண்டுவருகிறதா என்பவையே விஷயம். தெளிந்த ஜலம் ஒரே அளவாய் வருமானால் அவசரப்பட வேண்டியதில்லை. கலங்கல் ஜலம் வந்தால், எவ்வளவு சிறிதாயினும், கரையின் வயிற்றிலிருந்து மண் வெளியே வருகிறதென்று அர்த்தம். வெளியே வரும் துவாரத்திலிருந்து உள்நோக்கி ஒரு குழாய் தோண்டப்பட்டுக்கொண்டே போகும். அது உட்புற ஜலத்தைத் தொட்ட பிறகு சில மணி நேரத்தில் எல்லாம் முடிந்துவிடும். துவாரத்தின் வாயில் சிறு எறும்புப் புற்றுப்போல் வண்டல் வட்டமாய்க் குவிந்திருந்தால் அதுவே அடையாளம்.

கசிவை அளக்கப் பெரிய கருவி வேண்டாம். கசியும் ஜலத்தை ஒரு சிறு வாய்க்காலில் சேர்த்து, ஓர் ஓட்டின் வழியாக விழச்செய்து, கீழே ஒரு குடத்தை வைத்து, அது நிரம்ப எத்தனை நிமிஷமாகிறதென்று குறித்துவரலாம். கரையில் ஜலம் எத்தனை அடி நின்றதென்பதையும் அதன் பக்கத்திலேயே எழுதவேண்டும். போன வாரம் ஆறடி ஜலத்தில் நாலு நிமிஷத்தில் நிரம்பிய குடம், இந்த வாரம் அதே ஆறடியில் இரண்டே நிமிஷத்தில் நிரம்புமானால், உள்ளே ஏதோ நடந்துவிட்டது.

அப்போது செய்யவேண்டியதைவிடச் செய்யக்கூடாததை முன்னே சொல்லவேண்டும். கலங்கி வரும் துவாரத்தின் வாயில் களிமண்ணைத் திணித்து அடைக்கக்கூடாது. அடைத்தவுடன் கசிவு நின்றதுபோல் காணும். உள்ளே ஜலத்தின் அழுத்தம் ஏறி, பக்கத்தில் பெரிதாக வேறொரு வாயைத் திறந்துகொள்ளும். ஜலத்தைப் போகவிட்டு மண்ணை மாத்திரம் நிறுத்தவேண்டும். அதற்கு முதலில் பருமணல், அதன்மேல் சிறு ஜல்லி, அதன்மேல் பெரிய ஜல்லி என்று அடுக்கிப் பாரம் ஏற்றவேண்டும். ஊற்றுப்போல் கொப்பளித்தால், சுற்றிலும் மணல்மூட்டையால் கிணற்றுறைபோல் வட்டம் கட்டி, உள்ளே ஜலம் சற்று ஏறும்படி விடலாம்; ஏறிய ஜலத்தின் எடையே உள்ளேயிருந்து வருவதை எதிர்த்து நிற்கும். இவற்றுக்கிடையே மதகைத் திறந்து ஜலத்தைக் குறைப்பது அவசியம். ஆனால் ஒரேயடியாக வடித்துவிட்டால், ஈரத்தில் ஊறிய உட்சரிவு தாங்கலின்றிச் சறுக்கும். உடையுமென்ற நிலை வந்தாலன்றி நிதானமாகவே குறைக்கவேண்டும். ஆட்களைக் கரைக்கு அழைத்துக்கொண்டிருக்கும் அதே சமயத்தில் ஓடையோரத்து வீடுகளுக்கும் ஓர் ஆளை ஓட்டவேண்டும். இது பல இடங்களில் கடைசியில்தான் நினைவுக்கு வருகிறது.

கசிவு தொடங்கும் இடம் பெரும்பாலும் மதகுக் குழாயின் ஓரமே. சிமிட்டிக் குழாயை வைக்கக் கோடையில் கரையை வெட்டுவதும், வெட்டியதை மண் தள்ளும் இயந்திரத்தால் ஒரே தள்ளாய் மூடுவதும் இப்போது வழக்கமாகிவிட்டன. குழாயின் வளைவுக்கு அடியில் மண் இறுகுவதேயில்லை. அரையடி கனத்துக்கு மண் பரப்பி, பதமாய் நனைத்து, திமிசுக்கட்டையால் இடித்து, பிறகே அடுத்த அடுக்குப் போடவேண்டும். அவ்வாறு செய்யப்பட்டாலும், புதுக் குழாய் வைத்தபின் முதன்முறை ஜலம் நிரம்பும் காலமே மிக்க ஆபத்தான காலம். அந்த ஒரு பருவத்திற்காவது இரவும் பகலும் காவல் வேண்டும்.

மரங்களைப் பற்றிச் சுருக்கமாய்ச் சொன்னால் போதும். கரையில் புல் நல்லது, மரம் கெட்டது. பச்சை வேரைவிட இறந்த வேர் கெட்டது, ஏனெனில் அது மக்கியபின் குழாயாகிறது. பெருமரம் முளைத்துவிட்ட கரையில் ஜலம் நிற்கும்போது அதை வேரோடு பிடுங்குவது அவிவேகம். கோடையில் வெட்டி, வேரைத் தோண்டி, பள்ளத்தை அடுக்கடுக்காய் இடித்து மூடவேண்டும். சீமைக்கருவேல் மண்டிய கரையில் கசிவு இருந்தாலும் கண்ணுக்குத் தெரியாது. மறைந்திருப்பதே அதன் பெருந்தீங்கு.

எலி, நண்டு முதலியவற்றின் வளைகளையும் அலட்சியம் செய்யலாகாது. 2019-ம் வருஷம் ஜூலை 2-ந் தேதி இரவு மகாராஷ்டிரத்தில் ரத்தினகிரி ஜில்லாவைச் சேர்ந்த திவரே என்னுமிடத்தில் ஓர் அணை உடைந்து இருபது பேரளவில் மாண்டபோது, நண்டுகளே காரணமென்று அந்த மாகாண மந்திரி ஒருவர் சொன்னார், தேசமெங்கும் நகைத்தனர். நண்டு வளை கரைக்குக் கெடுதல் என்பது நமது குடியானவர்கள் எல்லாரும் அறிந்த உண்மை. நகைப்புக்கிடமானது வேறு. அந்த அணை கசிகிறதென்று ஊரார் முன்னமே முறையிட்டிருந்தனர். நண்டின்மேல் பழிபோட்டால் முறையீட்டுக்கு என்ன செய்தீர்களென்ற கேள்வி மறைந்துவிடுமல்லவா? அது சர்க்கார் அணை. ஆகையால் சர்க்கார் அணைதான் பத்திரம், தனியார் அணை மோசம் என்று இங்கே சொல்லப்படவில்லை. ஆனால் சர்க்கார் அணைக்கு முறையிடுவதற்காவது ஒரு கச்சேரி உண்டு. தனியார் கரைக்கு யாரிடத்தில் முறையிடுவது?

சட்டம் என்ன சொல்கிறதென்று பார்க்கலாம். இங்கிலாந்தில் ஆலைக்காரர் ஒருவர் தம் நிலத்தில் கட்டிய தேக்கத்தின் ஜலம் பக்கத்து நிலக்கரிச் சுரங்கத்தில் பாய்ந்தது. அவ்வழக்கில் 1868-ம் வருஷத்தில், தப்பினால் தீங்கு செய்யக்கூடிய பொருளைத் தன் நிலத்தில் கொண்டுவந்து சேர்க்கிறவன், தன் அஜாக்கிரதை ருசுவானாலும் ஆகாவிட்டாலும், நஷ்டத்துக்கு ஈடுசெய்யவேண்டும் என்று தீர்ப்பாயிற்று. சில வருஷங்களுக்குள் அதே நியாயம் நமது சென்னை ராஜதானியில் சோதிக்கப்பட்டது. அப்போது வட ஆற்காட்டைச் சேர்ந்திருந்த கார்வேட்டிநகரம் ஜமீனில் ஏரிகள் வெள்ளத்தில் உடைந்து, சென்னை ரயில்வேக் கம்பெனியின் பாதைக்குச் சேதம் விளைந்தது. கம்பெனியார் ஜமீன்தார்மேல் வழக்குத் தொடுத்தனர். வழக்கு பிரிவிக் கௌன்சில்வரையில் போய், 1874-ல் ஜமீன்தாருக்குச் சாதகமாயிற்று. இத்தேசத்தில் ஏரிகள் ஜனங்களின் ஜீவனத்துக்கு இன்றியமையாதவை. அவற்றை வைத்துப் பராமரிப்பது ஜமீன்தாரின் கடமை. விரும்பினால் மூடிவிட அவருக்குச் சுதந்தரமில்லை. ஆகையால் அஜாக்கிரதை ருசுவானாலன்றி அவர் ஈடுசெய்யக் கட்டுப்பட்டவரல்லர் என்பது அத்தீர்ப்பின் சாரம்.

ஏரியின் அருமையை அறிந்த தீர்ப்பென்று இதைப் பாராட்டலாம். ஆனால் இதில் ஒரு சுமை ஏற்றப்பட்டிருக்கிறது. அஜாக்கிரதையை ருசுப்படுத்தவேண்டியவன் நஷ்டப்பட்டவன். குடிசையும் மாடும் வெள்ளத்தில் போனவன், கரைக்காரர் இத்தனாந் தேதி கலிங்கை அடைத்தார், இத்தனாந் தேதி கசிவைக் கண்டும் சும்மாயிருந்தார் என்று எப்படி ருசுப்படுத்துவான்? எழுத்தில் ஒன்றுமில்லை. கரையே போய்விட்டது. கலிங்கில் வைத்த மூட்டையும் கூடவே போய்விட்டது. ரயில்வேக் கம்பெனியாவது வக்கீல் வைத்துச் சீமைவரையில் போயிற்று.

ஐரோப்பாவில் இதற்கு வேறு வழி கண்டனர். வேல்ஸ் நாட்டில் டால்காரக் என்னும் ஊரின்மேல் 1925-ல் தேக்கங்கள் உடைந்து 16 பேர் இறந்தபின், 1930-ல் பிரிட்டனில் ஒரு சட்டம் செய்யப்பட்டது. தரைமட்டத்துக்கு மேல் 50 லக்ஷம் காலனுக்கு அதிகமாக ஜலம் தேக்கும் அணை எவருடையதாயினும், தகுதிபெற்ற இஞ்சினீயர் ஒருவர் குறித்த காலத்துக்கொருமுறை பரிசோதித்துச் சான்று தரவேண்டும் என்பது அதன் விதி. பின்னர் 1975-ல் வேறு சட்டம் அதன் ஸ்தானத்தில் வந்தது. மேலே உதாரணமாகச் சொன்ன பத்து ஏக்கர்க் கரையில் நிற்பது ஏறக்குறைய 160 லக்ஷம் காலன். அது பிரிட்டனில் இருந்திருந்தால் அந்த 1930-ம் வருஷத்துச் சட்டத்துக்கே உட்பட்டிருக்கும்.

இந்தியாவில் 2021-ல் அணைப் பாதுகாப்புச் சட்டம் செய்யப்பட்டது. நல்ல சட்டமே. ஆனால் அது 15 மீட்டருக்கு மேற்பட்ட உயரமுள்ள அணைகளுக்கும், 10 முதல் 15 மீட்டர்வரை உயரமுள்ளவற்றில் குறிப்பிட்ட சில லக்ஷணங்கள் பொருந்தியவற்றுக்குமே உரியது. 10 மீட்டர் என்பது ஏறக்குறைய 33 அடி. பதினைந்தடி, இருபதடிக் கரைகள் அச்சட்டத்தின் கண்ணுக்குப் புலப்படா. கென்யா தேசத்தில் ஸோலாய் என்னுமிடத்தில் 2018 மே 9-ந் தேதி இரவு ஒரு தனியார் தோட்டத்தின் மண் அணை உடைந்து நாற்பதுக்கு மேற்பட்ட ஜனங்கள் மாண்டபோது, அந்த அணைக்கு உரிய அனுமதியே பெறப்படவில்லையென்று நீர் இலாகா அதிகாரிகள் சொன்னார்கள். அனுமதி பெறாத அணை அங்கே அத்தனை வருஷம் ஜலம் தேக்கி நின்றதெப்படி என்பதை அவர்கள் சொல்லியிருந்தால் அதிகப் பிரயோஜனமாயிருந்திருக்கும்.

ஆகையால் சிறு கரைகளின் விஷயத்தில், கிட்ட இருக்கிறவர்கள் பார்த்தாலொழிய வேறொருவரும் பார்ப்பதற்கில்லை. சங்கத்துக்கு இதில் அதிகாரம் ஏது என்று கேட்கலாம். அதிகாரமில்லை, ஆனால் கடன் கொடுக்கும் கையிருக்கிறது. பம்பு வாங்கவும், கரை உயர்த்தவும், வண்டல் எடுக்கவும், கரைப்பாசனத்தை நம்பிப் பயிர் வைக்கவும் மனு வருகிறது. அம்மனுவை எடுத்துக்கொள்ளும்போது பஞ்சாயத்தார் இரண்டுபேர் நேரில் போய்க் கலிங்கின் நீளத்தையும், கலிங்குத் தலைக்கும் கரைத்தலைக்கும் உள்ள இடைவெளியையும் நூல்பிடித்து அளந்து, மனுவின் பின்புறத்தில் எழுதலாம். கரையை ஓரடி உயர்த்தக் கடன் கேட்பவரிடம், கலிங்கையும் அதே விகிதத்தில் நீட்டுவதற்குச் சேர்த்துக் கேளும் என்று சொல்லலாம். கரையை உயர்த்துவதற்கு மாத்திரம் பணம் கொடுத்து, கலிங்கை அப்படியே விட்டுவிடுவதற்குச் சங்கம் உடந்தையாயிருக்கக்கூடாது. வண்டல் எடுக்கும் கடனில், எடுத்த மண்ணைக் கொட்டும் இடத்தை முதலிலேயே குறித்துக்கொள்வது நல்லது.

சொந்தக்காரர்கள் இதனைத் தங்கள்மேல் சந்தேகமென்று எண்ணவேண்டியதில்லை. அஜாக்கிரதையென்று நாளைக்கு வழக்கு வந்தால், அவருக்குச் சாதகமாய்ப் பேசக்கூடியது ஒரு புத்தகந்தான். வாரத்துக்கொருமுறை, மழைக்காலத்தில் நாள்தோறும், ஜலம் எத்தனை அடி, குடம் நிரம்ப எத்தனை நிமிஷம், கசிவு தெளிவா கலங்கலா, கலிங்கில் அடைப்புண்டா என்று நாலு விஷயங்களைத் தேதியிட்டு எழுதிய புத்தகம் அவருக்குக் கேடயம். கீழே குடியிருப்பவருக்கும் அதுவே ஆதாரம். ஒரே புத்தகம் இருவருக்கும் பயன்படுவதால் அதன் பிரதி ஒன்று சங்கக் கட்டிடத்தில் இருப்பது நியாயம்.

மூட்டை வைக்கும் விஷயத்தில் முற்றிலும் கூடாதென்று சொன்னால் ஒருவரும் கேட்கமாட்டார்கள், இரவில் வைத்துவிடுவார்கள். வடகிழக்குப் பருவமழை தீர்ந்து, மார்கழி பிறந்து, புயலின் பயம் நீங்கியபின், கையால் எடுத்தெறியக்கூடிய மூட்டையாக மாத்திரம், அரையடிக்கு மேற்படாமல் வைப்பதென்றும், அதை எடுப்பதற்குப் பொறுப்பாளி இன்னாரென்று பெயர் எழுதுவதென்றும், சொந்தக்காரரும் கீழ்ப்புறத்தாரும் கூடியிருந்து சங்கத்தில் ஒரு தீர்மானம் செய்துகொண்டால், அது நடக்கக்கூடிய ஏற்பாடு. சில வருஷங்களில் மார்கழியிலும் புயல் வருகிறது; ஆகையால் பெயர் எழுதப்பட்டவர் அப்பருவத்தில் வெளியூர் போகும்போது தம் இடத்தில் வேறொருவரை வைத்துப் போகவேண்டும்.

ஐப்பசிக்கு இன்னும் சில வாரங்கள் இருக்கின்றன. கரைகளில் இப்போது ஜலம் குறைவு. வெளிச்சரிவில் செடியை வெட்டினால் வளைகள் கண்ணுக்குத் தெரியும். கலிங்கின் போக்குக்காலில் இறங்கி நடக்கலாம். கூட்டம் கலைந்தபின் பஞ்சாயத்தார் கரையுள்ள அங்கத்தினர்களின் பெயரை ஒரு தாளில் எழுதி, எந்த ஞாயிற்றுக்கிழமை எந்தக் கரைக்குப் போவதென்று இன்றைக்கே குறித்துக்கொள்ளலாம். அளவுநூல் சங்கத்தில் இல்லாவிட்டால் கொத்தனார் யாரிடமாவது இரவல் வாங்கிக்கொண்டால் போதும்.